அந்த ஷீட்டைப் போட்டவன் எழுதுகிறேன்: தணிக்கைக் குழு இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் தணிக்கைக் குழுக்களில் இருக்கும் சுயாதீன இயக்குநர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல், மே மாதங்களில் உங்களுக்கு முந்நூறு நானூறு பக்கத்தில் ஒரு கோப்பு வரும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தால் அதிர்ஷ்டம். அதில் வருமான வரிக் குறிப்புக்குள் எங்கோ ஓர் ஓரத்தில், பழைய நஷ்டங்களுக்கான ஒத்திவைத்த வரிச் சொத்தை நிர்வாகத்தின் லாபக் கணிப்பை நம்பிக் கணக்கில் சேர்த்திருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அந்தப் பக்கம் அப்படியே புரண்டு போய்விடும். அங்கே கொஞ்சம் நின்று சில கேள்விகள் கேளுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கம் நூற்பாலைகளின் கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டேன். மூன்றாவது முறை எழுதவில்லை. இப்போது ஓய்வு. உங்களில் சிலருடைய கம்பெனிகளில் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். நீங்கள் புரட்டிவிட்டுப் போகும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் ஷீட்டை ஒரு காலத்தில் என் கையாலேயே போட்டிருக்கிறேன். அதனால் இது ஆலோசனை மட்டும் இல்லை, பாதி வாக்குமூலம்.

டெஃபர்டு டாக்ஸ், அதாவது ஒத்திவைத்த வரி என்றதும் பலருக்கும் கண் சொருகும். எங்கள் ஊரில் அதைப் புரியவைக்க ஒரு காற்றாலை போதும். முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கத்திலும் நிற்கிற காற்றாலைகளில் எத்தனையோ, மில் முதலாளிகள் மின்சாரத்துக்காக மட்டும் நட்டவை அல்ல. தொண்ணூறுகளில் வருமான வரிச் சட்டம் காற்றாலைக்கு முதல் வருஷமே 100 சதவீதத் தேய்மானம் கொடுத்தது, அதாவது விலை முழுவதையும் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். பிறகு அது 80 ஆனது. 2012இல் நிறுத்தி, 2014இல் திரும்பக் கொடுத்து, 2017 ஏப்ரலிலிருந்து 40 ஆக்கினார்கள். வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் என்பதால் செப்டம்பர் கடைசியில் ஒரு அவசரம், அந்தப் பாதியாவது கிடைக்கட்டும் என்று மார்ச் கடைசியில் இன்னொரு அவசரம். கிரேன் வாடகைக்குக் கிடைக்காது.

5 கோடி ரூபாய்க்கு ஒரு காற்றாலை என்று வைத்துக்கொள்வோம். வரித்துறைக்குக் காட்டும் கணக்கில் முதல் வருஷமே 4 கோடி தேய்மானம். பங்குதாரருக்குக் காட்டும் கணக்கில் அது 22 வருஷம் ஓடும் என்று எடுத்துக்கொண்டு வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம். இரண்டுக்கும் நடுவில் 3 கோடி 80 லட்சம் வித்தியாசம். வரி விகிதம் 30 என்றால் 1 கோடி 14 லட்சம் வரி இந்த வருஷம் கட்டாமல் மிச்சம். ஆனால் அது தள்ளுபடி இல்லை, தவணை. அடுத்தடுத்த வருஷங்களில் வரித்துறைக் கணக்கில் தேய்மானம் தீர்ந்துபோயிருக்கும், நம் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்; அப்போது புத்தகத்து லாபத்தைவிட அதிக லாபத்துக்கு வரி கட்ட வேண்டி வரும். அந்தக் கடனை இன்றே எழுதி வைப்பதுதான் ஒத்திவைத்த வரிப் பொறுப்பு.

2001 ஏப்ரல் முதல் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு இது கட்டாயம் என்று கணக்கியல் தரம் 22 வந்தபோது எங்கள் வட்டாரத்தில் ஒரே கூப்பாடு. கட்டாத வரிக்கு எதற்குக் கணக்கு என்பதுதான் கேள்வி. அதுவரை சேர்ந்திருந்த பொறுப்பு முழுவதையும் இருப்பு நிதியிலிருந்து கழிக்கச் சொன்னது இன்னும் வலித்தது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 2007 நவம்பரில் அந்தத் தரம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சரி, அந்த விவாதம் முடிந்த கதை. பொறுப்புப் பக்கத்தில் எனக்கும் சண்டை எதுவும் இல்லை. காற்றாலை கண்முன்னே நிற்கிறது, தேய்மான விகிதம் சட்டத்தில் இருக்கிறது, பெருக்கினால் விடை வந்துவிடும். எப்போது எழுதுவது என்ற கேள்வியே அங்கே எழாது.

அந்தக் கேள்வி எழுவது சொத்துப் பக்கத்தில். அதிலும் போனஸ், கிராஜுட்டி மாதிரி கொடுத்த பிறகே வரிக்கழிவு கிடைக்கிற இனங்களில் பெரிய தகராறு வராது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த வருஷம் கழிவு இல்லை என்று 2023-24 கணக்கிலிருந்து வந்த விதியும் இதே ஜாதிதான். பணத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. நஷ்டத்துக்கு எழுதுகிற சொத்துதான் ஆபத்தானது. இந்த வருஷம் 100 ரூபாய் நஷ்டம் வந்தால், வருங்காலத்தில் 100 ரூபாய் லாபத்துக்கு வரி கட்ட வேண்டாம்; ஆகவே அந்த மிச்சத்தை இன்றே சொத்தாகக் காட்டலாம் என்பது ஏற்பாடு. லாபம் வந்தால்தான் மிச்சம். வராவிட்டால் அது வெறும் எண்.

இனி என் கதை. 2011 தொடக்கத்தில் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பருத்தி அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த விலைக்கு வாங்கி அடுக்கிவைத்த மில்கள், சில மாதத்தில் விலை சரிந்தபோது நூலை அடக்கத்துக்கும் கீழே விற்றன. மேலே மின்வெட்டு வேறு. நான் அப்போது இருந்த மில்லிலும் பெரிய நஷ்டம். கணக்கு முடிக்கும் வாரத்தில் எம்.டி. கூப்பிட்டார். "டெஃபர்டு டாக்ஸ் எடுத்தா நஷ்டம் எவ்வளவு குறையும்?" என்றார். "மூணுல ஒரு பங்கு குறையும் சார்" என்றேன். "அப்ப எடுத்துருங்க" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

எடுக்க வேண்டுமென்றால் லாபக் கணிப்பு வேண்டும். தொழில் நஷ்டத்தை எட்டு வருஷம்தான் முன்னெடுத்துச் செல்ல முடியும். எட்டு வருஷத்துக்குள் நஷ்டம் தீர வேண்டும். அதற்கு வருஷம் எவ்வளவு லாபம் வேண்டும். அந்த லாபத்துக்கு நூல் கிலோவுக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும். இப்படிக் கீழிருந்து மேலே போட்டேன். எக்ஸெலில் கோல் சீக் என்று ஒரு வசதி உண்டு. வேண்டிய விடையைக் கொடுத்தால் அதற்கான கேள்வியை அதுவே கண்டுபிடித்துத் தரும். கிலோவுக்கு மிஞ்சும் தொகை என்று அது காட்டிய எண், அந்த மில் அதன் வாழ்நாளில் ஒரே ஒரு வருஷம்தான் பார்த்த எண். அதை எட்டு வருஷத்துக்கும் இழுத்துவிட்டேன்.

அன்றிருந்த தரம் 22 இதைச் சும்மா விடவில்லை. சாதாரண இனங்களுக்கு நியாயமான நிச்சயம் போதும் என்று சொன்ன அது, நஷ்டத்துக்கும் கழிக்க முடியாமல் நிற்கும் தேய்மானத்துக்கும் ஏறத்தாழ முழு நிச்சயம் வேண்டும், அதற்கு நம்பத்தகுந்த சான்றும் வேண்டும் என்றது. தொழில் திட்டத்தை மட்டும் வைத்து அந்த நிச்சயம் வராது என்று விளக்கத்திலேயே இருக்கிறது. கடனுக்காகக் கொடுத்த கணிப்பை ஒரு வெளி அமைப்பு ஏற்றுக்கொண்டது என்பதும் தனியாகச் சான்றாகாது என்று எழுதியிருக்கிறது. எது சான்று என்பதற்கு அது தரும் உதாரணம், ரத்து செய்தால் பெரிய நஷ்டஈடு தர வேண்டிய, லாபம் உறுதியான ஏற்றுமதி ஆர்டர். எங்களிடம் இருந்தவை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பிய அன்பான மின்னஞ்சல்கள். அவற்றை அச்செடுத்துக் கோப்பில் கோத்தோம். கூடவே வங்கிக்குக் கொடுத்த அதே கணிப்பு.

ஆடிட்டர் முனகினார், அப்புறம் சம்மதித்தார். தணிக்கைக் குழுவில் மூன்று பேர். மூவருமே மரியாதைக்குரியவர்கள், திருடர்கள் இல்லை. டீ வந்தது, அது ஆறுவதற்குள் எங்கள் விஷயம் முடிந்துவிட்டது. ஒருவர் மட்டும் கேட்டார், "இது எல்லாரும் செய்யறதுதானே?" நான் தலையாட்டினேன்.

மூன்று வருஷம் கழித்துப் புதிய நிதித் தலைவர் வந்தார். வந்த முதல் வருஷமே அந்தச் சொத்து முழுவதையும் எழுதித் தள்ளினார். வரிச் செலவு என்ற ஒற்றை இனத்தில் எல்லாம் போயிற்று. பழைய வருஷங்களின் பாவம் என்று அவர் தோளிலிருந்து இறங்கியது. அடுத்த வருஷ லாபம் சுத்தமாகத் தெரிந்தது. நடுவில் அந்தப் பங்கை வாங்கியவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதுதான் எனக்குக் கசக்கிறது. கையில் இருக்கும் சான்று சொல்லும் நேரத்தில் இந்தச் சொத்து எழுதப்படுவதில்லை. நஷ்டம் உறுத்தும் வருஷத்தில் எழுதப்படுகிறது, நாற்காலி மாறும் வருஷத்தில் நீக்கப்படுகிறது. அந்த இரண்டு நாளையும் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். அதைத் தடுக்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள். நிர்வாகத்தின் தீர்ப்பை நம்பிப் போடப்படும் மதிப்பீட்டுப் பதிவுகளைப் பரிசீலிப்பது உங்கள் வேலை என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பட்டியலிடல் விதிகளிலேயே இருக்கிறது. இதைவிடத் தெளிவான மதிப்பீட்டுப் பதிவு ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

2016, 2017இல் பட்டியலிட்ட கம்பெனிகள் இந்தியக் கணக்கியல் தரம் 12க்கு மாறின. வங்கிகள் இன்னும் பழைய 22இலேயே இருக்கின்றன. புதிய தரம் அந்த ஏறத்தாழ முழு நிச்சயத்தை எடுத்துவிட்டது. லாபம் வராமல் போவதைவிட வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்றால் போதும். நிதிப் பிரிவில் இருப்பவர்கள் இதைத் தளர்வு என்று படித்துக்கொண்டார்கள். முழுதாகப் படித்தால் அப்படி இல்லை. பயன்படுத்தாத நஷ்டம் இருப்பதே, வருங்காலத்தில் லாபம் இல்லாமல் போகலாம் என்பதற்கு வலுவான சான்று என்று அதே தரம் சொல்கிறது. சமீப காலத்தில் தொடர்ந்து நஷ்டம் கண்ட கம்பெனி, ஏற்கெனவே இருக்கும் வரிப் பொறுப்பு திரும்பி வரும் அளவுக்குத்தான் சொத்து எழுதலாம். அதற்கு மேல் போனால் நம்பத்தகுந்த வேறு சான்று வேண்டும். எந்தச் சான்றை நம்பி எழுதினோம் என்று குறிப்பில் சொல்லவும் வேண்டும்.

அந்தப் பொறுப்பு திரும்பி வரும் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. நான் பார்த்தவரை யாரும் அதைக் கேட்பதில்லை. காற்றாலைப் பொறுப்பு 1 கோடி 14 லட்சம் இருக்கிறது, அதனால் அந்த அளவுக்கு நஷ்டத்துக்குச் சொத்து எழுதிவிட்டோம் என்பார்கள். பொறுப்பு 22 வருஷத்தில் மெல்ல மெல்லத் திரும்பும். தொழில் நஷ்டம் எட்டாவது வருஷத்தோடு காலாவதி. ஆக, அந்த எட்டு வருஷத்துக்குள் திரும்பும் பகுதியை மட்டும்தான் எண்ணலாம். தேய்மானம் கழிக்காமல் நிற்பதற்குக் காலவரை இல்லை, அது வேறு. இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றி மொத்தமாக அளந்தால் கணக்கு நிறைந்த மாதிரித் தெரியும். எந்த வருஷ நஷ்டம், எந்த வருஷம் காலாவதியாகிறது, அதற்குள் எவ்வளவு திரும்புகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலிருந்தே உங்களுக்கு நிறையத் தெரிந்துவிடும்.

நஷ்டமே இல்லாத இடத்திலும் இந்தச் சொத்து எவ்வளவு வழுக்கும் என்பதை 2019 காட்டியது. அந்த வருஷம் செப்டம்பர் 20ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிக்கு வரி 22 சதவீதம். கூடுதல் வரி, செஸ் சேர்த்து 25.17. அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு 34.94. சந்தை கொண்டாடியது. பத்தே நாளில் காலாண்டு முடிந்தது. வருங்காலத்தில் 34.94 மிச்சமாகும் என்று எழுதியிருந்த சொத்து ஒரே இரவில் 25.17 ஆகிவிட்டதே! ஐசிஐசிஐ வங்கிக்கு அந்தக் காலாண்டில் இதனால் 2,920 கோடி ரூபாய் ஒருமுறைச் செலவு, லாபம் 655 கோடியாகச் சுருங்கியது. ஆக்சிஸ் வங்கிக்கு 2,138 கோடி அடி, 112 கோடி நிகர நஷ்டம். வரி குறைந்ததால் நஷ்டம் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தார். இந்த வங்கிகளைக் குறை சொல்லவில்லை. மாறிய விகிதத்தை அந்தக் காலாண்டிலேயே எழுதி, காரணத்தையும் தொகையையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் கேட்பதும் அந்த வெளிப்படைத்தன்மையைத்தான்.

அதே சட்டத்தில் ஒரு நெளிவும் இருந்தது. புதிய விகிதத்துக்கு எந்த வருஷம் வேண்டுமானாலும் மாறலாம், மாறினால் திரும்ப முடியாது, கையில் இருக்கும் மேட் வரவும் (புத்தக லாபத்துக்குக் கட்டிய குறைந்தபட்ச வரியில், பிற்பாடு கழித்துக்கொள்ளக்கூடிய தொகை) போய்விடும் என்பது அன்றைய விதி. அதனால் மேட் வரவு வைத்திருந்த பல கம்பெனிகள் அது தீரும்வரை பழைய விகிதத்திலேயே இருக்க முடிவு செய்தன. அப்படியானால் எந்த வருஷம் மாறப்போகிறோம் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு திரும்பும் வித்தியாசங்களைப் புதிய விகிதத்தில் அளக்க வேண்டியிருந்தது. மாறும் வருஷத்தைக் கொஞ்சம் முன்னால் பின்னால் நகர்த்தினால் அந்த வருஷ லாபமும் நகரும். இதையும் ஒரு ஷீட்தான் முடிவு செய்தது. அதைப் போட்டவருக்கு மேலேயும் ஒரு எம்.டி. இருந்தார்.

ரிசர்வ் வங்கி இந்தச் சொத்தை எப்படிப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். வங்கியின் முதன்மை மூலதனத்தைக் கணக்கிடும்போது, சேர்ந்த நஷ்டத்துக்காக எழுதிய வரிச் சொத்தை முழுதாகக் கழித்துவிடச் சொல்கிறது. வரித்துறைக் கணக்குக்கும் புத்தகக் கணக்குக்கும் உள்ள நேர வித்தியாசத்தால் வந்ததை மூலதனத்தில் 10 சதவீதம் வரை விடுகிறது. வங்கி முழுகும் நாளில் இதை விற்றுக் காசாக்க முடியாது என்பது அதற்குத் தெரியும். இன்னொன்று, பழைய தரமானாலும் புதியதானாலும் இந்தச் சொத்தை இன்றைய மதிப்புக்குத் தள்ளிக் காட்ட அனுமதி இல்லை. எட்டாவது வருஷம் மிச்சமாகப்போகும் ரூபாயும் அடுத்த மார்ச்சில் மிச்சமாகப்போகும் ரூபாயும் ஐந்தொகையில் ஒரே ரூபாய்தான். அதனாலேயே, எந்த வருஷம் என்ற விவரம் இல்லாமல் அந்த எண்ணைப் படிப்பதில் அர்த்தம் இல்லை.

எழுதாமல் பதுக்குவதும் சரியென்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2008இன் மூன்றாவது காலாண்டில் இந்தச் சொத்தை நம்ப முடியாது என்று 2,140 கோடி டாலரை நஷ்டத்தில் சேர்த்தது. 2013இன் முதல் காலாண்டில், இனி நம்பலாம் என்று 5,060 கோடி டாலரைத் திரும்ப எடுத்தது. அந்த மூன்று மாத லாபம் 5,870 கோடி டாலர். அதில் பெரும்பகுதி வீட்டுக்கடன் வியாபாரத்தில் சம்பாதித்தது இல்லை, நிர்வாகம் மனம் மாறியதில் வந்தது. எழுதும் நாளும் நீக்கும் நாளும் எவ்வளவு பெரிய எண்களை நகர்த்துகின்றன என்பதற்காகச் சொல்கிறேன். எழுதாமல் விட்ட சொத்தையும் ஒவ்வொரு கணக்கு முடிவிலும் மறுபடி பார்க்கச் சொல்கிறது நம் தரம் 12. அதையும் கேளுங்கள்.

ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்பீர்கள். பார்க்கிறார்தான். பல கம்பெனிகளின் தணிக்கை அறிக்கையில் இந்தச் சொத்தை முக்கியத் தணிக்கை விஷயம் என்று தனிப்பெட்டியில் போடுகிறார்கள். ஆனால் அவர் கையில் வருவது முடிந்துபோன ஷீட். நூல் விலை ஏன் அந்த எண் என்று கேட்கத் தொழில் தெரிந்தவர் வேண்டும். உங்களில் பலர் தொழில் நடத்தியவர்கள். கோல் சீக் போட்ட எண் உங்கள் கண்ணுக்குத் தப்பாது, பார்த்தால்.

ஆகவே, நஷ்டத்துக்குச் சொத்து எழுதச் சம்மதிக்கும் முன்னால், ஆண்டுவாரியாக நஷ்டம், காலாவதி ஆண்டு, எந்த வருஷ லாபத்தில் அது கரையும் என்ற அட்டவணையை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆலையின் மதிப்பு குறைந்ததா என்று சோதிக்கப் போட்ட கணிப்பும் இதுவும் ஒன்றுதானா என்று கேளுங்கள். ஒரு கம்பெனிக்கு இரண்டு வருங்காலம் இருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இதே சொத்துக்காகப் போட்ட கணிப்பையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு முறை தவறிய கணிப்பை மூன்றாம் முறை நம்புவதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காரணத்தை ஆண்டறிக்கையிலும் போடுங்கள். போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று நிதித் தலைவர் சொல்வார். கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அச்சிட வேண்டாம். எந்த வருஷத்துக்குள் தீரும், போன வருஷம் சொன்னது நடந்ததா என்ற இரண்டைச் சொன்னால் எந்தப் போட்டியாளருக்கும் ஒன்றும் கிடைக்காது. எங்களுக்குக் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. 2012இல் நான் குழுவுக்கு அனுப்பிய கோப்பின் பெயர் 'டிடிஏ ஃபைனல் 3'. டிடிஏ என்றால் இந்த ஒத்திவைத்த வரிச் சொத்துதான். ஒன்றும் இரண்டும் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. அவற்றில் நஷ்டம் எட்டு வருஷத்தில் தீரவில்லை. முதல் கோப்பைக் காட்டுங்கள் என்று அந்த மூவரில் ஒருவர் கேட்டிருந்தால், எடுத்துக் காட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கர், சில்லறைப் பங்குதாரர்
கோயம்புத்தூர்